அருப்புக்கோட்டையில் கட்டிய தோணி

அண்ணன் மறைந்த மறுநாள் காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு அவருடைய பட்டறைக் கதவைத் திறந்தேன். முதலில் கண்ணில் பட்டது எரிந்துகொண்டிருந்த ஒரு பல்பு.

அது ஒரு தகரப் பெட்டிக்குள் எரிந்தது. எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் புதுக் காயில் கட்டி, வார்னிஷ் ஊற்றி, ஈரம் போகக் காயவைக்கும் பெட்டி அது. மோட்டார் காயில் கட்டும் எந்தப் பட்டறையிலும் அப்படி ஒன்று இருக்கும். ஆனால் அண்ணனின் பெட்டிக்குள் அன்று மோட்டார் இல்லை. ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் தண்ணீர் இருந்தது. அதில் ஒரு பருத்தித் துணி பாதி நனைந்தபடி கிடந்தது. அதற்கு மேலே கம்பி வலையில், ஒன்றரை அடி நீளத்தில் ஒரு விமானத்தின் இடது இறக்கை. பெட்டியின் மேல்தகட்டில் சாக்பீஸால் நான்கு கோடுகள் போடப்பட்டிருந்தன.

காயவைக்கும் பெட்டிக்குள் தண்ணீர் வைத்திருப்பதை வேறொரு மெக்கானிக் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார். அண்ணன் அதை ஏன் வைத்தார் என்று சொல்லிவிட்டால், அண்ணனைப் பற்றிப் பெரும்பாலும் சொல்லியதாகிவிடும்.

அண்ணன் திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் இடையே உள்ள எங்கள் ஊரில் பிறந்தார். அப்பாவுக்கு மானாவாரி நிலம் ஏழு ஏக்கர். மழை பெய்தால் பருத்தி, மிளகாய், குதிரைவாலி. பெய்யாவிட்டால் வெறும் கரிசல். பிள்ளைகள் அண்ணனும் நானும் மட்டுமே. அண்ணன் பத்தாம் வகுப்பு முடித்த ஆண்டு அப்பா ஆழ்துளைக் கிணறு போட்டார். தண்ணீர் வந்தது. மூன்றாவது மாதம் மோட்டார் எரிந்தது. அதை அருப்புக்கோட்டையில் ஒரு பட்டறைக்குத் தூக்கிப் போன அண்ணன், காயில் கட்டி முடியும்வரை இரண்டு நாள் அங்கேயே உட்கார்ந்திருந்தார். மோட்டாரை ஊருக்கு அனுப்பிவிட்டு, அவர் அங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டார். இருபத்தேழு வயதில் சொந்தப் பட்டறை வைத்தார். எம்.ரெட்டியபட்டியிலிருந்து மதினியை மணந்துகொண்டார். அப்பா இறக்கும்வரை மாதந்தோறும் ஊருக்கு வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போனார்.

பயிர் வாடும் காலத்தில் ஒரு விவசாயியின் மோட்டாரையும் அவர் ஒரு நாள்கூடக் கூடுதலாக வைத்திருந்ததில்லை. இதைப் பல ஊர்க்காரர்கள் சாவு வீட்டில் என்னிடம் தாமாகச் சொன்னார்கள். எனவே தங்கை சொல்லும் புகழ்ச்சியாக இதை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

விமானமும் கப்பலும் செய்தது காலை ஐந்து மணி முதல் ஏழு மணி வரை. ஏழு மணிக்குப் பிறகு அவற்றை அவர் தொடமாட்டார். பொருள்கள் எல்லாம் பட்டறையில் மிஞ்சியவை. எரிந்த மோட்டாரிலிருந்து உருவிய செம்புக் கம்பி மெத்தென்று வளையும். அதுதான் கப்பலின் கைப்பிடிக் கம்பி. காயில் நழுவாமல் செருகும் மூங்கில் ஆப்பைச் சீவினால் தளப்பலகை. காயிலுக்கு அடியில் வைக்கும் தடித்த காகிதம் விமானத்தின் உடற்தகடு. காயிலைச் சேர்த்துக் கட்டும் பருத்தி நூல் பாய்மரக் கயிறு.

நரிக்குடிப் பக்கத்திலிருந்து மோட்டார் எடுக்க வந்த ஒரு பெரியவர் ஒருநாள் பட்டறை அலமாரியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏம்ப்பா, என் மோட்டாருக்குச் சுத்த வேண்டிய வயர கப்பலுக்குச் சுத்திட்டியா?"

"அது உங்க மோட்டார்ல எரிஞ்ச வயரு மாமா. கப்பல்ல இருந்தா இனி எரியாது."

"அப்ப என் மோட்டாரையும் கப்பல்லயே வச்சிரு. கெணத்துலதான் தண்ணி இல்ல."

அண்ணன் அளவில் விட்டுக்கொடுத்ததில்லை. முதல் பெரிய விமானத்தை அவர் செய்துகொண்டிருந்தபோது மதுரையிலிருந்த என்னை அழைத்துக்கொண்டு விமான நிலையத்துச் சுற்றுவேலிக்குப் போனார். இரண்டு விசிறி வைத்த விமானம் ஒன்று பக்கவாட்டில் நின்றிருந்தது. வேலிக்கு இப்பால் நின்று விரலை நீட்டி எண்ணிக்கொண்டிருந்த அண்ணனிடம் காவலர் ஒருவர் வந்தார்.

"யோவ், என்னய்யா எண்ணுற?"

"சன்னல் சார். வீட்டுல இதே மாதிரி ஒண்ணு செஞ்சிட்டிருக்கேன். கணக்கு இடிக்குது."

காவலர் அண்ணனை மேலும் கீழும் பார்த்தார். அண்ணனுக்கு எத்தனை வந்தது என்று கேட்டார். பிறகு அவரும் ஒருமுறை விமானத்தைப் பார்த்து உதடசைய எண்ணினார்.

"ஒண்ண விட்டுட்டீரு. பின் கதவுக்குப் பக்கத்துல ஒண்ணு இருக்கு பாரும்."

அதற்காக அண்ணன் வீட்டுக்குப் போய் ஒரு பக்கத் தகடு முழுவதையும் பிரித்து மறுபடி செய்தார்.

இத்தனைக்கும் ஊரில் அவற்றுக்குப் பெயர் பொம்மை. மோட்டார் கொடுக்க வந்தவர்கள், "பொம்மை நல்லாருக்கே" என்பார்கள். மதினியும் அப்படித்தான். "கல்யாணத்துக்கு எங்க அப்பா வாங்கிக் குடுத்த பீரோ மேல ஏரோப்ளேன் நிக்குது. என் சேலைய எங்க வைக்க? இந்தப் பொம்மையெல்லாம் யாருக்கு?" அதற்கான பதிலை அண்ணன் என்னிடம் மட்டும் ஒரு முறை சொன்னார்: "கப்பல்ல ஓடுன மனுசன் ஒருத்தன் வந்து பாத்து, இது கப்பல்னு ஒரு வார்த்தை சொல்லணும். அது போதும் எனக்கு." அவர் வாழ்க்கையில் ஆசைப்பட்டுக் கேட்டதாக எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

தூத்துக்குடி உப்பளங்களிலிருந்தும் அவருக்கு மோட்டார்கள் வரும். உப்புத் தண்ணீர் இறைக்கும் மோட்டார் சீக்கிரம் போய்விடும். அப்படி ஒன்றைக் கொண்டுபோய் மாட்டிக் கொடுத்த நாளில், கரையில் ஏற்றிப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த ஒரு பழைய தோணியை அண்ணன் பார்த்தார். சரக்கு ஏற்றிக் கொழும்புக்குப் போய்வந்த பாய்மரத் தோணி. இரண்டு மணி நேரம் டேப் வைத்து அளந்தார். அங்கே முப்பது அடி இருந்தால் இங்கே ஓர் அடி என்ற கணக்கில், மூன்றரை அடி நீளத்துக்கு அதைக் கட்ட ஆரம்பித்தார். முடிக்க இரண்டு வருடம் ஆனது. அறுபத்திரண்டு கயிறுகள்.

இங்கேதான் அண்ணன் தவறு செய்தார். காயில் கட்டுபவர்களுக்கு ஈரம்தான் எதிரி. காயிலில் துளி ஈரம் இருந்தாலும் மோட்டார் எரியும். எனவே அவர் தோணியின் ஒவ்வொரு பலகையையும், ஒவ்வொரு முழ நூலையும் பல்புப் பெட்டியில் வைத்துச் சுக்காகக் காயவைத்தார். பலகைகளை இடைவெளி இல்லாமல் நெருக்கிப் பதித்தார். நூலைச் சுண்டினால் ஒலிக்கும் அளவுக்கு இழுத்துக் கட்டினார். எல்லா முடிச்சின் மீதும் வார்னிஷ் ஒரு சொட்டு விட்டு இறுக்கினார். அருப்புக்கோட்டைக் காற்றில் அது அப்படியே நின்றது.

தூத்துக்குடியில் மாதிரிக் கப்பல், விமானம் செய்வோர் சேர்ந்து ஒரு கண்காட்சி நடத்தினார்கள். அண்ணன் பெயர் கொடுத்தார். பட்டறைக்கு மோட்டார் ஏற்றிவரும் கருப்பசாமியின் லோடு வேனில், பஞ்சு மெத்தையில் வைத்து, மேலே தார்ப்பாய் கட்டித் தோணி போனது. நானும் போனேன். முதல் நாள் மாலை மேசையில் வைத்துவிட்டு விடுதிக்குப் போனோம். மறுநாள் காலை ஒன்பது நாற்பதுக்குத் திரும்பி வந்து பார்த்தபோது நடுப் பாய்மரம் வில்லாக வளைந்திருந்தது. தளப்பலகைகள் ஒன்றையொன்று முட்டி, நடுவில் மேடாக எழும்பியிருந்தன. இரண்டு கயிறுகள் அறுந்து தொங்கின.

முதலில் வாய் திறந்தவர் கருப்பசாமி. "அண்ணே, தார்ப்பாய் போட்டுல்ல மூடியிருந்தேன். பொட்டு மழை பெய்யல. இது எப்ப நனைஞ்சுச்சு?"

எங்கள் ஊரில் ஈரம் என்றால் மழை. மழை இல்லாமல் வெறும் காற்றில் ஈரம் வரும் என்பது எங்கள் மூன்று பேருக்குமே தோன்றவில்லை.

பார்வையிட வந்தவர்களில் ஒரு முதியவர் இருந்தார். எழுபதைத் தாண்டியவர். தோணியை நடத்திச் செல்லும் தலைவரைத் தூத்துக்குடியில் தண்டல் என்பார்கள். இவர் பல ஆண்டுகள் தண்டலாக இருந்தவர். அண்ணனின் தோணி முன்னால் நெடுநேரம் நின்றார்.

"வேலை சுத்தம் தம்பி. ஆனா இது கடல் காத்து அறியாத தோணி. வீட்டுல வச்சுக்கிடலாம்."

அவர் திட்டவில்லை. அதுதான் அண்ணனை அதிகம் வருத்தியது. திரும்பும் வழியில் பந்தல்குடி வந்தபோது சொன்னார்: "அவுக சொன்னது சரிதான். நான் செஞ்சது பொம்மைதான்."

மறுநாள் பட்டறையை ஒட்டிய வீட்டிலிருந்து சௌந்தரம் அக்கா எட்டிப் பார்த்தார். கைத்தறியில் சேலை நெய்பவர்.

"என்னண்ணே, நிமிந்து போன கப்பலு கூனிப்போய் வந்திருக்கு?"

அண்ணன் நடந்ததைச் சொன்னார். அக்கா ஒரு கயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"முறுக்கு நூலுதானே? ஈரத்துக்கு இழுக்கத்தான் செய்யும். ஐப்பசி மழை வந்தா எங்க தறிக்கயிறெல்லாம் இறுகிக்கிரும். நான் முடிச்சத் தளத்தி விடுவேன். வெயிலு வந்தா திரும்ப இழுத்துக் கட்டுவேன். நீங்க அவுக்கவே முடியாம ஒட்டி வச்சிருக்கீகளே, அது எங்கிட்டுப் போகும்? மரத்தத்தான் வளைக்கும்."

அண்ணன் இன்னொரு கயிற்றின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். அது அசையவில்லை.

"பதினோரு வருசமா செவத்துக்கு அந்தப் பக்கம் உக்காந்து நெய்யுறேன். ஒரு வார்த்தை கேட்டீகளா?"

காப்பி கொண்டுவந்த மதினி சொன்னார்: "கட்டுன பொண்டாட்டிகிட்டயே கேக்க மாட்டாக. ஒங்ககிட்டயா கேக்கப் போறாக?"

கேட்காமல் இருப்பது அண்ணனின் குறை. அண்ணனுக்காக நாங்கள் போடும் இந்த நினைவு மலரில் குறையை எழுதலாமா என்று ஒருவர் கேட்டார். அன்றோடு அந்தக் குறை அவரிடமிருந்து போய்விட்டது என்பதால் எழுதுகிறேன். அன்று அவர் சௌந்தரம் அக்காவிடம் ஒன்றரை மணி நேரம் கேள்வி கேட்டார். பிறகு தூத்துக்குடியில் நிஜத் தோணியை அளந்த அன்று எடுத்த படங்களைப் பரப்பினார். நிஜத் தோணியில், பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் ஒவ்வொரு பக்கக் கயிற்றின் அடியிலும் இரண்டு கட்டைகளுக்கு இடையே சிறு கயிறு மூன்று நான்கு சுற்றாகப் போயிருந்தது. அதை அவர் தம் தோணியிலும் அச்சாகச் செய்திருந்தார்; ஆனால் அழகுக்காக என்று நினைத்து வார்னிஷில் முக்கியிருந்தார். அது அழகுக்கு அல்ல, தளர்த்தவும் இறுக்கவும்தான் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

தோணியைக் கடைசிப் பலகைவரை பிரித்தார். இம்முறை பலகைகளுக்கு இடையே ஒரு காகிதம் நுழையும் அளவுக்கு இடம் விட்டார். அடிமுடிச்சு ஒன்றிலும் வார்னிஷ் படவில்லை. கட்டி முடித்ததும் தோணியைச் சௌந்தரம் அக்காவின் தறி வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தார். நூல் அறாமல் இருக்க அங்கே தரையில் தினமும் தண்ணீர் தெளிப்பார்கள். நாற்பது நாள் அங்கே இருந்தது. எந்தக் கயிறு எவ்வளவு இழுக்கிறது என்று தினமும் பார்த்துத் தளர்த்திக்கொண்டே வந்தார். "எங்க வீட்டுலயே ஒரு துறைமுகம் வச்சிட்டாக உங்க அண்ணன்" என்று சௌந்தரம் அக்கா என்னிடம் போனில் சொன்னார்.

அடுத்த ஆண்டு அதே கண்காட்சி. அதே கருப்பசாமி, அதே வேன். மாலையில் வைத்துவிட்டு, காலை ஒன்பதேகாலுக்குப் போனோம். மண்டப வாசலில் அண்ணன் நின்றுவிட்டார்.

"நீ போய்ப் பாத்துட்டு வா. நான் டீ குடிச்சிட்டு வாரேன்."

உள்ளே போனேன். பார்வையை நம்பாமல், வீட்டுச் சாவியை ஒரு நூலில் கட்டிப் பாய்மரத்தின் அருகே தொங்கவிட்டேன். நூலும் மரமும் அடி முதல் நுனி வரை ஒரே இடைவெளியில் நின்றன. தளம் மட்டமாக இருந்தது. அறுபத்திரண்டு கயிறுகளில் ஒன்றுகூட அறவில்லை. வாசலுக்கு வந்து தலையசைத்தேன். அண்ணன் கையில் இருந்த டீ ஆறிப்போயிருந்தது. அதை அப்படியே குடித்தார்.

பத்து இருபதுக்குத் தண்டல் ஐயா வந்தார். போன ஆண்டுத் தோணி என்று அடையாளம் கண்டுகொண்டார். "தொடலாமா?" என்று கேட்டார். அண்ணன் சரி என்றார். அவர் நடுப் பாய்மரத்தின் இடப்பக்கக் கயிற்றைச் சுண்டுவிரலால் தட்டினார். பிறகு குனிந்து, அதன் அடிமுடிச்சை நகத்தால் நெம்பினார். முடிச்சு அவிழ்ந்தது. கயிறு தளர்ந்தது. அவரே மறுபடி மூன்று சுற்றுப் போட்டு இறுக்கிக் கட்டினார். கயிறு பழையபடி நின்றது.

"முடிச்சு வேலை செய்யுதே."

"செய்யணும்ல ஐயா. காத்து மாறுனா தளத்தணும்."

"யாரு சொன்னா?"

"பக்கத்து வீட்டுல தறி நெய்யுற தங்கச்சி."

தண்டல் ஐயா நிமிர்ந்தார்.

"அண்ணாச்சி எந்தத் தோணியில ஓடினீங்க?"

"ஓடலைங்க. நான் மோட்டார் காயில் கட்டுறவன். அருப்புக்கோட்டை."

"அங்க ஏது தண்ணி?"

"கண்மாயே பாதி வருசம் காஞ்சுதான் ஐயா கெடக்கும்."

தண்டல் ஐயா ஒரு கணம் அண்ணனின் கைகளைப் பார்த்தார். செம்புக் கம்பி இழுத்து இழுத்துக் காய்த்துப்போன கைகள். பிறகு திரும்பி, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி குரல் கொடுத்தார். காற்றில் ஆள் கூப்பிட்டுப் பழகிய குரல்.

"எல்லாரும் இங்க வாங்க! கப்பல் இங்க நிக்கு!"

மணி பத்து முப்பத்தொன்று. என் குறிப்பேட்டில் இருக்கிறது.

பிற்பகலில் முதல் பரிசு அறிவித்தார்கள். அண்ணன் மேடையேறிக் கேடயத்தை வாங்கினார். அது அவருக்கு இரண்டாம் பட்சம் என்பது எனக்கும் கருப்பசாமிக்கும் தெரியும். வேன் பந்தல்குடியைத் தாண்டியபோது கருப்பசாமி ஹாரனை அழுத்தத் தொடங்கினார். பட்டறை வாசல்வரை விடவில்லை. சௌந்தரம் அக்கா தறியை விட்டு எழுந்து வந்து ஆரத்தி எடுத்தார். யாருக்கு என்று கேட்டதற்கு, "கப்பலுக்குத்தான். கடலப் பாத்துட்டு வந்திருக்குல்ல" என்றார். மதினி கூடத்துக் கண்ணாடி அலமாரியிலிருந்து தம் எவர்சில்வர் பாத்திரங்கள் அனைத்தையும் எடுத்துவிட்டு, நடுத்தட்டைக் காலி செய்து கொடுத்தார். தோணி அங்கே ஏறியது. விலைக்குக் கேட்டு மூன்று பேர் வந்தார்கள். மூவருக்கும் காப்பி கிடைத்தது.

அதன் பிறகு அண்ணன் செய்த ஒவ்வொரு விமானமும் கப்பலும், முடியும் முன் பதினைந்து நாள் தகரப் பெட்டிக்குள் தண்ணீர்க் கிண்ணத்தோடு இருந்தன. ஈரத்தைப் போக்கும் பெட்டியில் அவர் தூத்துக்குடிக் காற்றை உண்டாக்கிக்கொண்டார். ஒரு நாளுக்கு ஒரு சாக்பீஸ் கோடு. மொத்தம் ஒன்பது விமானங்கள், எட்டு கப்பல்கள் அவர் கையால் ஆயின. அந்தத் தோணிக்குப் பிறகு எதுவும் வளையவில்லை.

கடைசி நாளும் காலை ஏழு மணிக்கு அந்த வேலையை மூடிவிட்டு மோட்டாருக்கு வந்திருக்கிறார். நரிக்குடிப் பக்கத்து மோட்டார் ஒன்றுக்குக் காயில் கட்டி முடித்து, ஓட்டிப் பார்த்து, உரியவருக்குப் போன் செய்து சொன்ன பிறகு நெஞ்சு வலிப்பதாக மதினியிடம் சொன்னார். பிற்பகல் மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. அந்த மோட்டார் மறுநாள் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

நான் பெட்டியைத் திறந்து நின்ற காலையில் மதினி பின்னால் வந்தார். பல்பை அணைக்கக் கை நீட்டினேன். "இருக்கட்டும். இன்னும் பதினோரு நாள் இருக்குல்ல" என்றார். கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றினார். ஐந்தாவது கோட்டைப் போட்டார். பதினைந்தாவது கோடுவரை அவரே போட்டார். இறக்கை நேராக இருக்கிறது.

முதலாம் ஆண்டு நினைவு நாளில் நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். ஆம்புலன்ஸுக்குக் காத்திராமல் தம் வேனில் அண்ணனைத் தூக்கிச் சென்ற கருப்பசாமிக்கும், காரியம் முடியும்வரை தறியை நிறுத்தி எங்கள் அடுப்படியைப் பார்த்துக்கொண்ட சௌந்தரம் அக்காவுக்கும், சிகிச்சை அளித்த மருத்துவர், செவிலியருக்கும், திருச்சுழி, நரிக்குடி, எம்.ரெட்டியபட்டிப் பக்கத்து ஊர்களிலிருந்து தோட்ட வேலையை விட்டுவிட்டு வந்து தோள் கொடுத்த விவசாயப் பெருமக்களுக்கும், உறவினர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னொருவருக்கும் நன்றி. பதினாறாம் நாள் காலை பதினொன்றே காலுக்குத் தண்டல் ஐயா தூத்துக்குடியிலிருந்து பஸ்ஸில் தனியாக வந்தார். அண்ணன் படத்தின் முன் நின்றார். பிறகு, "கப்பல் எங்கம்மா?" என்று மதினியிடம் கேட்டார். மதினி அலமாரிக் கண்ணாடியை நகர்த்திக் கொடுத்தார். அவர் தரையில் உட்கார்ந்து, அடிமுடிச்சு ஒவ்வொன்றையும் அவிழ்த்து, கயிற்றைக் கொஞ்சம் விட்டு, மறுபடி கட்டினார். முக்கால் மணி நேரம் ஆனது.

"கரையில நிக்குற தோணிக்குக் கயிறு தளந்து கெடக்கணும்மா" என்றார்.

சாப்பிட்டுவிட்டு இரண்டு நாற்பது பஸ்ஸுக்குப் புறப்பட்டார். அறுபத்திரண்டு கயிறுகளும் அவர் கட்டிய முடிச்சிலேயே இருக்கின்றன.